பெட்டிக்குள் அடைபட்ட துகள்: எந்தப் பகுதியில் எவ்வளவு நிகழ்தகவு?

முக்கூடல் மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது குவாண்டம் இயக்கவியலில் 'பெட்டிக்குள் துகள்' ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது முடிவிலா உயரமுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு கோட்டில் அடைபட்ட துகள். சூத்திரம் தெரியும், தொகையிடவும் வரும். முதல் நிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் உள்ள நிலை) பெட்டியின் இடது கால் பகுதியில் துகள் இருக்க நிகழ்தகவு 0.0908, நடுப்பாதியில் 0.8183 என்று விடையும் சரியாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு கேள்வி வருகிறது.

பெட்டிக்குள் எங்குமே விசை கிடையாது. நிலையாற்றல் எல்லா இடத்திலும் சுழி. அப்படியிருக்க, கால் பங்கு இடத்தில் கால் பங்கு நிகழ்தகவு வராமல் ஒன்பது சதவீதம் மட்டும் ஏன்? துகளை நடுவுக்குத் தள்ளுவது எது?

இரண்டாவது, 2ஆம் நிலையில் நட்டநடுவில் நிகழ்தகவு அடர்த்தி சுழி. இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. நடுவில் நிற்கவே முடியாத துகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போகிறது? வகுப்பில் கேட்டேன், நேரம் போதவில்லை, அடுத்த பாடம் தொடங்கிவிட்டது. யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும். செமஸ்டர் தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை.

பாளை வாத்தியார்

தம்பி, நல்ல கேள்வி. கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல காலம் நடத்தியவன் என்ற முறையில், முதலில் சூத்திரத்தை வாசிக்கும் விதத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் அதில் எண்ணைப் போட்டு விடையை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பேசுவதைக் கேட்பதில்லை.

பெட்டியின் நீளத்தை 1 என்று வைத்துக்கொள். நிலை எண் ந. துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு, 2இன் வர்க்கமூலம் பெருக்கல் சைன்(ந × பை × தூரம்). அதன் வர்க்கம்தான் நிகழ்தகவு அடர்த்தி. அ என்ற இடத்திலிருந்து ஆ என்ற இடம் வரை தொகையிட்டால் கிடைப்பது:

நிகழ்தகவு = (ஆ − அ) − [சைன்(2 × ந × பை × ஆ) − சைன்(2 × ந × பை × அ)] ÷ (2 × ந × பை)

இதில் இரண்டு துண்டு இருக்கிறது. முதல் துண்டு (ஆ − அ). நீ எதிர்பார்த்த நியாயமான பங்கு அதுதான், கால் இடத்துக்குக் கால். சுவருக்குச் சுவர் ஒரே வேகத்தில் ஓடித் திரும்பும் பழைய இயற்பியலின் பந்து இதை மட்டும்தான் தரும். இரண்டாம் துண்டு அலை செய்யும் திருத்தம். உன் கணக்கில் 0.25 − 0.1592 = 0.0908. நியாயமான பங்கில் பாதிக்கு மேல் திருத்தம் தின்றுவிட்டது. நடுப்பாதியில் அதே திருத்தம் கூட்டலாக வந்து 0.5 + 0.3183 = 0.8183 ஆகிறது. ஓரங்களில் குறைந்ததெல்லாம் நடுவில் ஏறியிருக்கிறது. இரண்டு ஓரமும் நடுவும் சேர்ந்தால் 1 வருகிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. திருத்தத்தின் கீழே ந இருக்கிறது. நிலை எண் ஏற ஏறத் திருத்தம் தேய்ந்துகொண்டே போகும். இடது மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள். முதல் நிலையில் 0.1955. நூறாவது நிலையில் 0.3320. நியாயமான பங்கு 0.3333. நிலை எண் பெரிதாகும்போது குவாண்டம் விடை பழைய இயற்பியலின் விடையோடு ஒன்றும் என்று நீல்ஸ் போர் சொன்ன ஒத்திசைவுக் கொள்கையைப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி எழுதுகிறார்கள். இந்த ஒரு வரிச் சூத்திரத்திலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது.

அப்புறம், விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குப் பழக்கமான எண் ஒன்று உண்டு: 0.2456. உன்னுடைய இதே கால் பகுதிக் கணக்குக்கு வரும். முறையெல்லாம் சரியாக எழுதியிருப்பார்கள், கடைசி வரியில் மட்டும் இந்த எண் நிற்கும். கால்குலேட்டர் டிகிரியில் இருந்திருக்கும். சைன்(பை/2) என்பதற்கு 1 வராமல் 1.57 டிகிரியின் சைன் 0.0274 வந்திருக்கும். முதல் நிலையில் ஓரத்துக் கால் பகுதிக்குக் கால் பங்குக்கு இவ்வளவு நெருக்கமாக விடை வருகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும். படத்தை ஒரு தடவை வரைந்து பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் தானாக வரும்.

களக்காட்டு வில்

வாத்தியார் ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறேன். இந்தப் பாடத்தைத் தமிழில் விளக்கும் காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனசு இதிலேயே நிற்கிறது.

எங்கள் வில்லில் நாண் இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டியிருக்கும். வீசுகோலால் அடித்தால் நடுப்பகுதிதான் அகலமாக ஆடும், கட்டிய முனைப் பக்கம் ஆட்டமே இருக்காது. அங்கேயும் நடுவுக்குத் தள்ளுகிற விசை என்று தனியாக எதுவும் இல்லை. முனையைக் கட்டியதால் வந்த வினைதானே? பெட்டிக்குள் துகளும் அப்படித்தானா? இல்லை, நான் வெறும் படத்தைப் பார்த்து ஏமாறுகிறேனா?

அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

அண்ணாச்சி, ஏமாறவில்லை. கணிதம் ஒன்றேதான். இரண்டு முனையிலும் சுழியாக இருக்க வேண்டும் என்ற கட்டு, நடுவில் சுதந்திரம். அதற்கு ஒத்துவரும் வடிவங்கள் சைன் வளைவுகள். ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு என்றுதான் வரும், ஒன்றரை வளைவு வராது. ஆற்றல் படிப்படியாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் எது ஆடுகிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. நாணில் ஆடுவது நாணே. எவ்வளவு விலகியது என்று கண்ணால் பார்க்கலாம். இங்கே வளைவு அலைச்சார்புக்கு. அதன் வர்க்கம்தான் நிகழ்தகவு அடர்த்தி. நாண் மேலும் கீழுமாக ஆடும்போது ஒரு கணம் நேர்கோடாகிவிடும். ஒரே நிலையில் இருக்கும் துகளின் நிகழ்தகவு அடர்த்தி அப்படி ஏறி இறங்காது. எத்தனை நேரம் ஆனாலும் அதே வடிவம். அதனால்தான் அதை நிலையான நிலை என்கிறோம்.

முக்கூடல் தம்பியின் முதல் கேள்விக்கு வருகிறேன். 'விசை இல்லையென்றால் சமமாகப் பரவ வேண்டாமா' என்பது நியாயமான எதிர்பார்ப்பு. சரி, சமமாகவே பரப்பிப் பார்ப்போம். பெட்டி முழுக்க அலைச்சார்பு 1, சுவருக்கு வெளியே சுழி. இது எந்தெந்த நிலைகளின் கலவை என்று பிரித்தால், முதல் நிலையில் இருக்க நிகழ்தகவு 8/பை², அதாவது 0.8106. இரட்டை எண் நிலைகள் எதுவும் வராது. 3ஆம் நிலைக்கு 0.0901. பொதுவாக ஒற்றை எண் ந-வுக்கு 0.8106 ÷ ந². இனி சராசரி ஆற்றலைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையின் ஆற்றலும் ந²-க்கு ஏற்ப ஏறுகிறது. நிகழ்தகவை ஆற்றலால் பெருக்கினால் ந² அடிபட்டுப்போய், ஒவ்வொரு நிலையும் ஒரே அளவு ஆற்றலைக் கொண்டுவந்து போடுகிறது. கூட்டிக்கொண்டே போனால் முடிவே இல்லை.

அதாவது துகளைச் சுவர் வரைக்கும் சமமாகப் பரப்பி, சுவரில் திடீரென்று வெட்ட வேண்டும் என்றால் முடிவிலா ஆற்றல் வேண்டும். அலைச்சார்பு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு இயக்க ஆற்றல். இருப்பதிலேயே குறைந்த ஆற்றலில் முடிக்க வேண்டுமானால் சுழியிலிருந்து மெதுவாக ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, மெதுவாக இறங்குவதுதான் வழி. துகளை நடுவுக்கு யாரும் தள்ளவில்லை தம்பி. ஓரத்தில் அடர்த்தியை ஏற்றுவதற்கு ஆற்றல் செலவு அதிகம், அவ்வளவுதான்.

அளவு எப்படி என்றால், 1 நானோமீட்டர் பெட்டியில் ஓர் எலக்ட்ரானுக்கு முதல் நிலை ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட். பெட்டியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நூறு மடங்காகி 37.6 ஆகிவிடும்.

வள்ளியூர் தேர்வர்

நான் ஜாம் (முதுநிலை அறிவியல் படிப்புக்கான நுழைவு) தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு நான் படித்த விடை: ஒரு புள்ளியில் துகள் இருக்க நிகழ்தகவு எப்போதுமே சுழிதான். முதல் நிலையில் நடுப்புள்ளிக்கும் சுழி, 2ஆம் நிலையில் நடுப்புள்ளிக்கும் சுழி. அகலம் இல்லாத இடத்துக்குப் பரப்பு கிடையாது. அதனால் 'எப்படிக் கடக்கிறது' என்பது கேள்வியே இல்லை. சரிதானே?

பாளை வாத்தியார்

சொன்னதில் தப்பில்லை தம்பி, ஆனால் கேட்டவனுக்கு அது விடையாகாது. புள்ளி வேண்டாம், அகலம் உள்ள பட்டையையே எடுத்துக்கொள்வோம். 0.49 முதல் 0.51 வரை, நடுவில் இரண்டு சதவீத அகலம். முதல் நிலையில் அங்கே நிகழ்தகவு 0.0400. 2ஆம் நிலையில் 0.00005. கிட்டத்தட்ட 760 மடங்கு வித்தியாசம். முக்கூடல் தம்பியை உறுத்துவது இந்த வித்தியாசம்தான். 'புள்ளிக்கு நிகழ்தகவு கிடையாது' என்று சொல்லி அதை மூடிவிடக் கூடாது.

உண்மையான விடை வேறு. 2ஆம் நிலையில் இருக்கும் துகள் இடமிருந்து வலமாகப் பயணம் போய்க்கொண்டிருக்கிறது என்று நாமாக மனசில் ஒரு படம் வைத்திருக்கிறோம். அந்தப் படத்துக்குச் சமன்பாட்டில் ஆதாரம் இல்லை. இந்த நிலையில் நிகழ்தகவு எங்கும் ஓடுவதில்லை. ஓட்டத்தைக் கணக்கிட்டால் எல்லா இடத்திலும் சுழி. பயணமே நடக்காத இடத்தில் நடுவைக் கடப்பது எங்கே வந்தது?

முக்கூடல் மாணவன்

சார், அப்படியானால் பெட்டிக்குள் துகள் நகரவே நகராதா? இயக்க ஆற்றல் இருக்கிறதே?

அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

நகரும் தம்பி, இரண்டு நிலைகள் கலந்தால். முதல் நிலையும் 2ஆம் நிலையும் சம பங்கில் கலந்த கலவையை எடு. தேர்வில் அடிக்கடி கேட்பார்கள், அதனால் முழுசாகவே போட்டுவிடுகிறேன்.

இடப்பாதியில் துகள் இருக்க நிகழ்தகவு என்ன? முதல் நிலை தனியாக இருந்தால் 0.5. 2ஆம் நிலை தனியாக இருந்தாலும் 0.5. இரண்டும் சேர்ந்தால் 0.5 என்று எழுதிவிட்டுப் போவார்கள். நிகழ்தகவுகளைக் கூட்டக் கூடாது, அலைச்சார்புகளைக் கூட்டிவிட்டுத்தான் வர்க்கம் எடுக்க வேண்டும். அப்போது குறுக்குப் பெருக்கம் ஒன்று மிஞ்சும். அதை 0 முதல் 0.5 வரை தொகையிட்டால் 4 ÷ (3 × பை) = 0.4244. அதோடு காலத்தில் ஆடும் ஒரு கொசைன் பெருகி வரும். ஆக இடப்பாதியின் நிகழ்தகவு,

0.5 + 0.4244 × கொசைன்(2 × பை × காலம் ÷ சுற்று நேரம்)

தொடக்கத்தில் 0.9244. அரைச் சுற்று கழித்து 0.0756. திரும்ப 0.9244. இதுதான் இயக்கம், இங்கே உண்மையிலேயே ஊசலாடுகிறது. சுற்று நேரம் பிளாங்க் மாறிலியை இரண்டு நிலைகளின் ஆற்றல் வித்தியாசத்தால் வகுத்தால் கிடைக்கும். 1 நானோமீட்டர் பெட்டியில் எலக்ட்ரான் என்றால் வித்தியாசம் 1.128 எலக்ட்ரான் வோல்ட், சுற்று நேரம் சுமார் 3.67 ஃபெம்டோ நொடி.

இப்போது நடுப்புள்ளியைப் பார். அங்கே 2ஆம் நிலையின் அலைச்சார்பு சுழி, ஆனால் முதல் நிலையினுடையது உச்சத்தில். கலவையின் அடர்த்தி அங்கே சரியாக 1, அதாவது சமமாகப் பரப்பினால் வரும் அதே அளவு. காலம் ஓடினாலும் அந்த ஓர் இடத்தில் அது மாறுவதில்லை. துகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்போது நடுவில் தடையே இல்லை. சுழி இருக்கும் நிலையில் போக்குவரத்து இல்லை. போக்குவரத்து இருக்கும் நிலையில் சுழி இல்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

களக்காட்டு வில்

அம்மா, இந்தக் கடைசி வரியை எழுதி வைத்துக்கொண்டேன். நாணில் எல்லா அதிர்வும் சேர்ந்தே கேட்கும். துகளிடம் ஆற்றலை அளந்தால் இரண்டும் சேர்ந்து வருமா?

அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

வராது அண்ணாச்சி. ஒரு தடவை அளந்தால் முதல் நிலையின் ஆற்றல் வரும், இல்லையென்றால் 2ஆம் நிலையின் ஆற்றல் வரும். நடுத்தரமாக ஓர் ஆற்றல் ஒருபோதும் வராது. அதே மாதிரித் தயார் செய்த ஆயிரம் பெட்டிகளில் ஒவ்வொன்றாக அளந்தால் ஏறக்குறைய பாதியில் ஒன்று, பாதியில் மற்றது. நாணோடு ஒப்பிடுவது இந்த இடத்தோடு நின்றுவிடும்.

இந்த 'வர்க்கம் எடுத்தால் நிகழ்தகவு' என்ற விதியை 1926இல் சொன்னவர் மாக்ஸ் போர்ன். கட்டுரையின் உடலில் அலைச்சார்பே நிகழ்தகவைத் தருகிறது என்கிற மாதிரி எழுதிவிட்டு, அச்சுப் பிழை திருத்தும்போது அடிக்குறிப்பில்தான் அதன் வர்க்கம் என்று சேர்த்தார். அதற்காக நோபல் பரிசு வந்தது 1954இல். நடுவில் 1935-36இல் சர் சி. வி. ராமன் அழைத்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் இருந்திருக்கிறார். நாம் இன்று செமஸ்டரில் போடும் கணக்கின் மூல விதியைச் சொன்னவர் நம் பக்கத்து மாநிலத்தில் பாடம் நடத்தியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு நிறைவு வரும்.

வள்ளியூர் தேர்வர்

அக்கா, இன்னொரு வகைக் கணக்கையும் இங்கேயே பேசிவிட்டால் எல்லோருக்கும் பயன்படும். துகள் முதல் நிலையில் இருக்கிறது. வலப்பக்கச் சுவரைத் திடீரென்று நகர்த்திப் பெட்டியை இரண்டு மடங்கு ஆக்குகிறோம். புதிய பெட்டியின் முதல் நிலையில் துகள் இருக்க நிகழ்தகவு என்ன? எனக்கு 32 ÷ (9 × பை²) = 0.3603 வருகிறது. 2ஆம் நிலைக்குச் சரியாக 0.5 வருகிறது. கீழ்நிலையைவிட மேல்நிலைக்கு எப்படிக் கூடுதல் வாய்ப்பு?

பாளை வாத்தியார்

விடை இரண்டும் சரி. 'திடீரென்று' என்ற சொல்லின் பொருள், சுவர் நகர்ந்த அந்தக் கணத்தில் அலைச்சார்பு மாற நேரமில்லை என்பது. பழைய வளைவு அப்படியே இடப்பாதியில் நிற்கிறது, வலப்பாதி காலி. இந்தப் பழைய வளைவு புதிய நிலைகளில் யாரோடு அதிகம் ஒத்துப்போகிறது என்பதுதான் கேள்வி.

புதிய பெட்டியின் 2ஆம் நிலையை வரைந்து பார். அதன் இடப்பாதி, பழைய முதல் நிலையின் அதே வடிவம். உயரம் மட்டும் குறைவு. புதிய முதல் நிலையோ இடப்பாதியில் ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதே இல்லை. அப்படியானால் ஒத்துப்போவது யார்? ஆற்றல் பக்கம் பார்த்தாலும் புதிய 2ஆம் நிலையின் ஆற்றல் பழைய முதல் நிலையின் ஆற்றலேதான். துகளின் சராசரி ஆற்றல் மாறவில்லை, அதனால் அந்த அளவைச் சுற்றித்தான் நிகழ்தகவு குவிந்திருக்கிறது.

இரண்டையும் கூட்டி 0.86 வந்ததும் 'மீதி எங்கே' என்று திகைக்க வேண்டாம். 3ஆம் நிலையில் 0.1297, 5ஆம் நிலையில் 0.0074, இப்படிப் போகும். 2ஐத் தவிர மற்ற இரட்டை எண் நிலைகள் எல்லாம் சுழி. ஒற்றை எண் நிலைகள் எல்லாம் சேர்ந்து 0.5.

தொகையிடாமலே பல விடைகளைச் சொல்ல ஒரு வழியும் இருக்கிறது. கணுவுக்கும் (அலைச்சார்பு சுழியாகும் இடம்) அதை அடுத்த உச்சத்துக்கும் இடையே உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரே நிகழ்தகவைத் தாங்கும். ந-ஆம் நிலையில் இப்படி 2ந துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 1 ÷ 2ந. அதனால் 2ஆம் நிலையில் எந்தக் கால் பகுதிக்கும் சரியாக 0.25. 3ஆம் நிலையில் எந்த ஆறில் ஒரு பங்குக்கும் ஆறில் ஒன்று. பென்சிலே வேண்டாம்.

முக்கூடல் தம்பி, உனக்கு ஒரு கணக்கு. 3ஆம் நிலையில் நடுப்பாதிக்கு, 0.25 முதல் 0.75 வரை, நிகழ்தகவு என்ன? சூத்திரத்தைத் தொடாமல் போடு பார்ப்போம்.

முக்கூடல் மாணவன்

சார், முயன்று பார்த்தேன். 3ஆம் நிலையில் மூன்று வளைவு. நடு வளைவு 1/3இலிருந்து 2/3 வரை முழுசாக உள்ளே இருக்கிறது, அதற்கு 0.3333. அதற்கு இரண்டு பக்கமும் 0.25இலிருந்து 1/3 வரை ஒரு துண்டு, 2/3இலிருந்து 0.75 வரை ஒரு துண்டு.

இடது வளைவின் நீளம் 1/3. அதில் 0.25 முதல் 1/3 வரை என்பது கடைசிக் கால் பகுதி, கணுப் பக்கம். ஒரு முழு வளைவின் ஓரத்துக் கால் பகுதிக்கு 0.0908 என்று முதல் நிலையில் பார்த்தோம். இங்கே வளைவு ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்குகிறது, அதனால் 0.0908 ÷ 3 = 0.0303. இரண்டு பக்கத்துக்கும் 0.0606. மொத்தம் 0.3939.

பிறகு சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 0.5 − 0.1061 = 0.3939. இங்கே நடுப்பாதிக்கு நியாயமான பங்கைவிடக் குறைவு! முதல் நிலையில் 0.8183, 2ஆம் நிலையில் 0.5, 3ஆம் நிலையில் 0.3939. துகளுக்கு நடுவில் இருக்கப் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முதல் நிலையின் குணம் மட்டும்தான் போலிருக்கிறது.

பாளை வாத்தியார்

அருமை தம்பி. 4ஆம் நிலையில் திரும்ப 0.5 வரும், 5இல் 0.5637 வரும். ஒற்றை எண் நிலைகளில் ஒன்று விட்டு ஒன்று கூடிக் குறைந்து, மெல்ல மெல்ல 0.5இல் வந்து படியும். நான் முதலில் சொன்ன திருத்தத் துண்டு தேய்வது இப்படித்தான்.

சங்கரன்கோவில் கணக்கு

தாமதமாக வருகிறேன். பள்ளியில் கணிதம் எடுக்கிறேன், இயற்பியல் என் பாடம் இல்லை. ஒன்று கேட்க வேண்டும். இந்த முடிவிலாச் சுவர்ப் பெட்டி உண்மையில் எங்காவது இருக்கிறதா? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

முடிவிலாச் சுவர் எங்கும் இல்லை சார். ஆனால் கிட்டத்தட்ட பெட்டி என்று சொல்லத்தக்கவை இருக்கின்றன. என்னுடைய வேலையே அதில்தான். குவாண்டம் புள்ளிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்தித் துணுக்குகள். 2023இல் வேதியியல் நோபல் பரிசு மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் அதற்காகத்தான் கொடுத்தார்கள். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள். துணுக்கு சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலமாக ஒளிரும், 6 அளவில் சிவப்பாக ஒளிரும். பொருளை மாற்றவில்லை, பெட்டியின் அளவை மட்டும் மாற்றினோம். பெட்டி சிறுத்தால் ஆற்றல் படிகள் விலகும், ஒளி நீலத்தின் பக்கம் போகும். ஆய்வகத்தில் குடுவையைச் சூடாக்கிக்கொண்டே சிறிது சிறிதாக மாதிரி எடுத்துச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, புற ஊதா விளக்குக்குக் கீழே வரிசையாக வைத்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் எடுத்த குப்பியில் துணுக்கு சிறிசு, கடைசிக் குப்பியில் பெரிசு.

உண்மைப் பெட்டியில் சுவரின் உயரம் முடிவுள்ளது. அதனால் அலைச்சார்பு சுவரோடு நிற்காமல் கொஞ்சம் வெளியேயும் கசியும், வெளியே போகப் போக வேகமாகத் தேயும். ஓரத்துக் கால் பகுதிக்கு 0.0908 என்ற கணக்கும் அப்போது மாறும், ஏனென்றால் சுவரில் மதிப்பு சுழியாக இருக்க வேண்டும் என்ற கட்டு தளர்ந்துவிட்டது. பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம் சார்: முடிவிலாச் சுவர் என்பது கணக்கைச் சுலபமாக்கும் எல்லை, அதில் தெரியும் குணங்கள் உண்மைப் பொருளிலும் தெரிகின்றன.

களக்காட்டு வில்

வாத்தியார் ஐயா, எனக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நாணை நட்டநடுவில் அடித்தால் சில அதிர்வுகள் பிறப்பதே இல்லை என்று காணொளியில் சொன்னார்கள். நடுவில் கணு உள்ள அதிர்வுகளை நடுவில் அடித்து எழுப்ப முடியாதாம். இங்கேயும் 'இரட்டை எண் நிலைகள் வராது' என்று இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

பாளை வாத்தியார்

ஒன்றேதான் அண்ணாச்சி. இரட்டை எண் நிலைகள் நடுவைப் பொறுத்து ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். தொடக்க வடிவம் நடுவுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், மேட்டோடு ஒத்துப்போவதும் பள்ளத்தோடு ஒத்துப்போவதும் அடிபட்டுச் சுழியாகிவிடும். சமமாகப் பரப்பிய வடிவத்தில் இரட்டை எண் வராததற்குக் காரணம் இதுதான். சுவரை நகர்த்திய கணக்கில் வடிவம் இடப்பக்கம் மட்டும் இருந்தது, புதிய நடுவுக்குச் சமச்சீர் இல்லை. அதனால்தான் 2ஆம் நிலை நுழைந்தது, அதுவும் பெரும்பங்கோடு. 4, 6 எல்லாம் அங்கே வராததற்குக் காரணம் வேறு. அவற்றின் இடப்பாதி, பழைய பெட்டியின் 2, 3ஆம் நிலைகள். பழைய முதல் நிலைக்கு அவற்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வள்ளியூர் தம்பி தேர்வுக்குப் படிப்பதால் இதே குடும்பத்தில் இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். அலைச்சார்பு சைன் இல்லை, பரவளையம்: தூரம் × (1 − தூரம்). நார்மலைஸ் செய்ய, அதாவது மொத்த நிகழ்தகவு 1 ஆக, 30இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஆற்றலை அளந்தால் முதல் நிலை வர நிகழ்தகவு என்ன?

வள்ளியூர் தேர்வர்

போட்டுவிட்டேன் சார். 960 ÷ பை⁶ = 0.9986. வடிவம் நடுவுக்குச் சமச்சீர் என்பதால் இரட்டை எண் நிலைகளைத் தொகையிடாமலே அடித்துவிட்டேன். பொதுவாக ஒற்றை எண் ந-வுக்கு 0.9986 ÷ ந⁶, அதனால் 3ஆம் நிலைக்கு 0.0014. அதற்கு மேலே இருப்பவையெல்லாம் சேர்ந்தாலும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அக்கா சொன்ன சமப் பரப்பலோடு வைத்துப் பார்த்தேன். அங்கே ந² கீழே இருந்ததால் சராசரி ஆற்றல் முடிவிலி. இங்கே ந⁶ இருப்பதால் ஆற்றலின் ந² பெருகினாலும் தாங்குகிறது. சராசரி ஆற்றல் முதல் நிலையைப் போல் 10 ÷ பை² மடங்கு, 1.0132. சுவரில் சுழிக்கு இறங்கும் வடிவம் என்பதால் ஒன்றேகால் சதவீதம்தான் கூடுகிறது.

முக்கூடல் மாணவன்

நானும் அந்தப் பரவளையத்துக்கு இடது கால் பகுதியின் நிகழ்தகவைப் போட்டேன். 53/512, அதாவது 0.1035. சைனுக்கு 0.0908. பரவளையம் சுவரிலிருந்து சற்று வேகமாக எழுகிறது, அதனால் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலுக்கான ஆற்றல்தான் வள்ளியூர் அண்ணன் சொன்ன ஒன்றேகால் சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாமா அக்கா?

அபிஷேகப்பட்டி ஆய்வு மாணவி

எடுத்துக்கொள்ளலாம் தம்பி. அடுத்தது 0.25 வரை போகாமல் 0.1 வரை மட்டும் இரண்டுக்கும் போட்டுப் பார். சைனுக்கு 0.0065, பரவளையத்துக்கு 0.0086. சுவரை நெருங்க நெருங்க இரண்டுக்கும் உள்ள விகிதம் எங்கே போய் நிற்கிறது என்று கண்டுபிடித்து இங்கேயே எழுது. சுவரில் இரண்டு வளைவுகளின் சாய்வையும் எடுத்தால் போதும், தொகையிட வேண்டியதில்லை.

முக்கூடல் மாணவன்

சாய்வு எடுத்துவிட்டேன் அக்கா. பரவளையத்துக்கு 30இன் வர்க்கமூலம், சைனுக்கு 2இன் வர்க்கமூலம் × பை. நிகழ்தகவுக்கு வர்க்கம் என்பதால் 30 ÷ (2 × பை²) = 1.52. சுவர் ஓரத்தில் பரவளையத்துக்கு ஒன்றரை மடங்கு.